செவிக்கு ஒரு வகுப்பு

‘பாட்காஸ்ட்’ என்னும் சொல்லைக் கேளாத மாணவர் இன்று நம் கல்லூரியில் இலர். எனினும், “அது எவ்வாறு உருவாகிறது? கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவும் பாட்காஸ்ட்தானே?” என்று கேட்போர் பலர். கடந்த கல்வியாண்டில் வரலாற்றுப் பாடத்தை ஒட்டி நான் ஒரு சிறு ஒலித்தொடரைத் தொடங்கிய நாள் முதல், ஆசிரியர் ஓய்வறையிலும் பேருந்து நிறுத்தத்திலும் இக்கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதினும் நம் ஆண்டு மலரில் எழுதிவிடுவது நலம் என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

சொல்லின் வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன். வரலாற்று ஆசிரியனுக்கு அஃதின்றித் தொடங்க வராது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர், செய்திகளை இணையத்தில் வழங்குவதற்கென இருந்த ஆர்.எஸ்.எஸ். என்னும் ஏற்பாட்டில் ஒலிக்கோப்பையும் இணைத்து வழங்க வழி செய்தார். 2004 பிப்ரவரியில் ‘கார்டியன்’ நாளிதழில் எழுதிய பென் ஹாமர்ஸ்லி, இப்புதிய முறைக்கு என்ன பெயர் இடலாம் என்று எண்ணிப் பார்த்தபோது, ஐபாட் என்ற கருவியின் பெயரையும் ‘பிராட்காஸ்ட்’ என்ற சொல்லையும் ஒட்டவைத்து ‘பாட்காஸ்டிங்’ என்றார். 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடம் தந்தது. ஐபாட் கருவியின் உற்பத்தி 2022இல் நின்றுபோயிற்று; அதன் பெயரில் பாதி மட்டும் உலகெங்கும் வழங்குகிறது. தமிழில் ‘வலையொலி’ என்கிறோம். நல்ல சொல்; நானும் அதனையே ஆள்கிறேன்.

இனி, எனக்கு ஏன் இந்த வேலை என்பதைச் சொல்ல வேண்டும். அரசு கலைக்கல்லூரிகளில் வரலாறும் தமிழும் பயிலும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் பலர் என்பது நாம் அறிந்ததே. என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் அவ்வாறு ஒருவர் இருக்கிறார். வகுப்பில் கூர்ந்து கேட்பார், கேள்வியும் கேட்பார். ஆயினும் தேர்வுக்குப் படிக்கும் காலம் வந்தால் அவருக்குத் துணை வேண்டும். விடுதியில் நண்பர் ஒருவர் படித்துக் காட்டுவார். அந்த நண்பர் வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போய்விட்டால் ஞாயிறு இரவு வரை படிப்பு இல்லை. “நோட்ஸைப் போட்டோ எடுத்து குரூப்புல போடுறாங்க சார். என் போன் அதைப் ‘படம்’னு மட்டும்தான் சொல்லுது” என்றார் ஒரு நாள்.

கைப்பேசியில் ‘டாக்பேக்’ என்றொரு வசதி உண்டு. திரையில் உள்ள எழுத்தை அது உரக்கப் படிக்கும். ஒருங்குறியில் தட்டச்சு செய்த தமிழையும் படிக்கும். ஆனால் நம் துறைகளில் ஆண்டாண்டாகச் சுற்றிவரும் குறிப்புகளோ கையெழுத்தின் நிழற்படங்கள். அல்லது பழைய எழுத்துருக்களில் அடித்தவை. அத்தகைய பழைய எழுத்துருக் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளைக் கருவி வாசிக்கும். ஆகவே எழுத்தை நம்பாமல் குரலிலேயே பாடத்தைத் தருவது என்று முடிவு செய்தேன். அவருக்கென்று தொடங்கியது, இரண்டாம் சுழற்சியில் படித்துக்கொண்டே வேலைக்கும் போகும் மாணவர்களுக்கும் பயன்பட்டது.

கல்வியை ஒலிபரப்புவது நமக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஜூன் 16இல் சென்னை நிலையம். வானொலிப் பேச்சு என்று ஓர் உரைநடை வகையே தமிழில் வளர்ந்திருக்கிறது. வானொலிக்கும் வலையொலிக்கும் வேறுபாடு இரண்டு. வானொலி தன் நேரத்தில் பேசும், நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டும். வலையொலி நமக்காகக் காத்திருக்கும், நிறுத்தினால் நிற்கும், திருப்பினால் திரும்பும். அடுத்து, வானொலி நடத்த அரசின் உரிமம் வேண்டும். வலையொலிக்கு அது வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் தன்னந்தனியாகத் தொடங்கிவிடலாம்.

அறையும் கருவியும்

“நல்ல மைக் என்ன விலை?” என்பதுதான் பலரும் கேட்கும் முதற்கேள்வி. என் துணிபு, மைக்குக்குப் பணம் தேடுமுன் அறையைத் தேடவேண்டும் என்பது. இயற்பியல் துறை நண்பர் இதற்குக் காரணம் விளக்கினார். நம் குரல் ஒலிவாங்கிக்கு இரு வழிகளில் வருகிறது. ஒன்று வாயிலிருந்து நேரே வருவது. மற்றொன்று சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதித் திரும்பி வருவது. தூரம் பாதியானால் நேரே வரும் ஒலியின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மோதி வருவதோ ஏறத்தாழ முன்னிருந்த அளவிலேயே நிற்கிறது. ஆகவே கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசினாலே பாதி எதிரொலி அடங்கிவிடும். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒலிவாங்கி அடிப்பக்கத்துச் சிறு துளையில் இருக்கிறது. அதனை விரலால் மூடாமல் பிடிக்க வேண்டும். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் சற்றே ஓரமாக வைத்தால், பகரம் சொல்லும்போது வெளிப்படும் காற்று அதில் ‘பட்’டென்று அடிக்காது.

நம் வகுப்பறைகள் உயர்ந்த கூரையும் வெறுஞ்சுவரும் உடையவை. மாணவர் நிறைந்திருக்கையில் குறையில்லை. ஆளில்லாத அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போலிருக்கும். நான் தேர்ந்தது நூலகத்தின் பின்புறம் பழைய இதழ்களின் கட்டடத் தொகுதிகள் அடுக்கியுள்ள சிறு அறை. தாள் ஒலியை விழுங்கும். மூன்று பக்கமும் காகிதம் சூழ்ந்த அவ்வறையில் குரல் தெளிவாக விழுந்தது. பல ஆண்டுகளாக எவரும் எடுத்துப் பாராத அந்தத் தொகுதிகளுக்கு இப்படி ஒரு பயன் வாய்த்தது குறித்து நூலகருக்கும் மகிழ்ச்சியே. மின்விசிறியை மட்டும் நிறுத்தியாக வேண்டும். ஏப்ரல் மாதத்தில் அதனை நிறுத்திவிட்டுச் சோழர் வரலாறு பேசுவது எளிதன்று என்பதை அனுபவித்தவர் அறிவர்.

எழுதுவதும் பேசுவதும்

முதற்பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உத்திரமேரூர்க் கல்வெட்டு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள அவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட, குடவோலைத் தேர்தலைக் கூறும் கல்வெட்டு அது. வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போது நாம் எல்லோரும் செய்வது என்ன? கரும்பலகையில் ஊரின் முப்பது குடும்புகளை வட்டமாக வரைவோம், அம்புக்குறி இடுவோம், “இதிலிருந்து இப்படி, இங்கே வந்து, இதில் சேரும்” என்போம். இந்த வாக்கியத்தை எழுதி வைத்துப் பாருங்கள். அதில் பொருள் எதுவும் இல்லை. பொருள் முழுவதும் சாக்குக்கட்டியின் முனையில் இருக்கிறது. ஒலிப்பதிவில் சாக்குக்கட்டி இல்லை.

ஆகவே பேசவேண்டியதை முழுமையாக எழுதிக்கொண்டு, பதிவுக்கு முன்னரே அம்மாணவருக்குப் படித்துக் காட்டுவதை வழக்கமாக்கினேன். அவர் எவ்விடத்தில் கேள்வி கேட்கிறாரோ அவ்விடத்தை விரித்து எழுதுவேன். “கல்வெட்டுல எழுத்து கல்லுக்கு மேல எழும்பி இருக்குமா சார், இல்ல உள்ள குழிஞ்சு இருக்குமா?” என்று கேட்டார். பிரெயில் எழுத்தில் புள்ளிகள் மேலே எழும்பி நிற்கும். அவர் விரலுக்குத் தெரிந்த எழுத்து அது. கல்வெட்டு எழுத்து உளியால் வெட்டியது, உள்ளே குழிந்திருக்கும் என்றேன். இத்தனை ஆண்டுகளில் கண்ணுள்ள மாணவர் ஒருவரும் என்னிடம் இதனைக் கேட்டதில்லை. அந்த ஒரு வரி பாடத்தில் சேர்ந்தது.

எண்கள் மற்றொரு சிக்கல். கி.பி. 921ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டின்படி, தேர்ந்தெடுக்கப்படுபவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். புத்தகத்தில் இதனை ஒரு பார்வையில் பிடித்துக்கொள்ளலாம். செவிக்கு அது முடியாது. எனவே, “முப்பது குடும்பு, முப்பது பேர்” என்று முதலில் ஒரு கணக்கை நிறுத்திவிட்டு, “முப்பதில் பன்னிரண்டு போனால் பதினெட்டு, அதில் இன்னும் பன்னிரண்டு போனால் மீதி ஆறு, அந்த ஆறு பேரும் ஏரிக்கு” என்று கழித்துக்கொண்டே சென்றேன். கேட்பவர் உடன் கணக்கிட்டு வருவதால் மனத்தில் தங்குகிறது. ஒரு நிமிடத்தில் இரண்டு எண்களுக்கு மேல் சொல்வதில்லை என்று எனக்கு நானே ஒரு வரையறையும் வைத்துக்கொண்டேன்.

தேர்தல் நடக்கும் காட்சியோ செவிக்கென்றே அமைந்தது. ஓலைகள் இட்ட குடத்திலிருந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். நடுவர் தம் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்குகிறார். வாங்கி உரக்கப் படிக்கிறார். பின்னர் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையைப் படிக்கின்றனர். பெயரைக் காதால் கேட்டே சபை அறிந்துகொள்கிறது. இப்பகுதியைப் பேசும்போது எனக்குக் கரும்பலகை நினைவே வரவில்லை.

எந்தத் தமிழில் பேசுவது என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. முழுவதும் செந்தமிழாயின் வானொலிச் செய்தி போலாகிறது. முழுவதும் பேச்சுத்தமிழாயின் தேர்வில் எழுதமுடியாது. அம்மாணவர் சொன்னதே முடிவாயிற்று. தேர்வில் அவர் வாயால் விடை கூறுவார். உடன் அமர்ந்திருப்பவர் ஒருவர் கேட்டு எழுதுவார். எழுத வருபவர் வரலாறு படித்தவராக இருக்க மாட்டார். “‘சம்வத்சர’ன்னு நான் சொன்னா அவங்க எப்படி எழுதுறதுன்னு என்னையே கேப்பாங்க சார். எனக்குத் தெரிஞ்சாத்தானே?” என்றார். ஆகவே விளக்கம் பேச்சுத்தமிழிலும், தேர்வில் எழுதவேண்டிய வாக்கியம் எழுத்துத் தமிழிலும், அதுவும் இரண்டு முறையும் வருமாறு அமைத்தேன். அரிய சொற்களை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ‘ஏரி’யில் இடையின ரகரம், ‘ஏறி’யில் வல்லின றகரம் என்பது கண்ணால் படிப்பவருக்குச் சொல்லாமலே விளங்கும், காதால் மட்டும் படிப்பவருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. லகர ளகர ழகரங்களை ஆசிரியர் ஒழுங்காக ஒலிக்கிறாரா என்பது, அவ்வளவில், ஒரு மாணவரின் மதிப்பெண்ணைப் பற்றிய செய்தியாகிறது. தமிழ்த்துறை நண்பர்கள் இவ்விடத்தில் என்னைக் காட்டிலும் நன்கு செய்வார்கள்.

என் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழத் தொண்ணூறு சொற்கள் பேசுகிறேன். ஒரு பகுதி இருபது நிமிடத்துக்கு மிகாமல் வைத்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் இசை சேர்க்கச் சொன்னார்கள், சேர்க்கவில்லை. படிக்க வந்தவரை அரை நிமிடம் வாசலில் நிறுத்துவானேன்?

கோப்பின் கனம்

பதிவை வெட்டி ஒட்டக் கணினி அறிவியல் மாணவி ஒருவர் கற்றுக்கொடுத்தார். ‘ஆடாசிட்டி’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. குரல் அதில் அலைகோடாகத் தெரியும். இருமலையும் நீண்ட இடைவெளியையும் தேர்ந்து நீக்கலாம். மூச்சு விடும் ஓசையை எல்லாம் நீக்கவேண்டாம் என்பது என் கருத்து. நீக்கினால் மனிதர் பேசுவதாகத் தோன்றுவதில்லை.

இதைவிட முக்கியமானது கோப்பின் அளவு. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை உணரும். ஓர் அலையைப் பிழையின்றி எண்ணாக மாற்ற அதன் அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும். ஆகவே குறுந்தகட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் குறிக்கிறார்கள். ஒற்றைத் தடத்தில் இருபது நிமிடப் பேச்சு இம்முறையில் ஏறத்தாழ 106 மெகாபைட் ஆகிறது. தினமும் அளந்து தரும் இணையத்தை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளும் விடுதி அறைக்கு அது பாரம்.

இங்கேதான் எம்.பி.3 வருகிறது. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்தாரும் பிறரும் உருவாக்கிய இம்முறையின் அடிப்படை, செவியின் ஓர் இயல்பு. பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதனை ஒட்டிய அதிர்வெண்ணில் உள்ள மெல்லொலி நமக்குக் கேட்பதில்லை. கேளாத ஒலியைச் சேமித்து வைப்பானேன் என்று அதனை விட்டுவிடுகிறார்கள். ஆய்வாளர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் இம்முறையைச் சோதிக்க எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, சுசான் வேகா என்ற பாடகி பக்க இசையின்றித் தனிக்குரலில் பாடிய ஒரு பாடல். தனித்த மனிதக் குரலில் சிறு சிதைவும் உடனே தெரிந்துவிடும் என்பதே காரணம். நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில், ஒற்றைத் தடத்தில் சேமித்தால், அதே இருபது நிமிடம் 9.6 மெகாபைட்டில் அடங்குகிறது; ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு. பேச்சுக்கு இது தாராளம். இரட்டைத் தடம் இசைக்கு வேண்டும். ஒரே வாய் பேசுவதற்கு எதற்கு?

பகிர்தல்

இனித் தொடக்கத்தில் குறித்த கேள்விக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒலிக்கோப்பு பாட்காஸ்ட் ஆகாது. வாழ்த்துச் செய்திகளின் அடியில் அது புதைந்துபோகும். அடுத்த ஆண்டு வரும் மாணவருக்குக் கிட்டாது. வலையொலியில் ஒலிக்கோப்பு இணையத்தில் ஓரிடத்தில் தங்கியிருக்கிறது. அதனோடு ஆர்.எஸ்.எஸ். ஓடை என்னும் சிறு எழுத்துக்கோப்பு ஒன்றும் இருக்கிறது. தொடரின் பெயர், ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, நாள், ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி, அதன் அளவு, அதன் வகை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். கேட்பவரின் செயலி அவ்வப்போது இந்தக் கோப்பைச் சென்று பார்க்கும். புதிய பகுதி இருந்தால் எடுத்து வரும். பத்திரிகைக்குச் சந்தா கட்டியது போல. ஆனால் கட்டணம் இல்லை, சந்தாதாரரின் பெயரும் எனக்குத் தெரியாது.

ஓடையை நாமே எழுதவேண்டியதில்லை. ஒலிக்கோப்பை வைத்திருந்து ஓடையையும் உருவாக்கித் தரும் தளங்கள் பல. விலையின்றித் தருவனவும் உண்டு. சதுரமான முகப்புப் படம் ஒன்று கேட்பார்கள். கிடைக்கும் ஓடை முகவரியை ஆப்பிள், ஸ்பாட்டிஃபை போன்ற பட்டியல்களில் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். அந்த முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் வற்புறுத்துவேன். கூகுள் நிறுவனம் தன் பாட்காஸ்ட் செயலியை 2024இல் நிறுத்திவிட்டது. ஆயினும் அதில் கேட்கப்பட்ட தொடர்கள் அழியவில்லை. ஓடைகள் அவரவர் இடத்தில் இருந்தன, கேட்போர் வேறு செயலிக்கு மாறிக்கொண்டனர். கடை மூடினாலும் சரக்கு நம்மிடமே இருக்கும் ஏற்பாடு இது.

எங்கள் மாணவர்கள் ‘ஆன்டெனாபாட்’ என்ற விலையில்லாச் செயலியில் கேட்கிறார்கள். கல்லூரியில் இணையம் கிடைக்கும்போது இறக்கிக்கொண்டு, பேருந்தில் இணையமின்றிக் கேட்கலாம். தலைப்பிடுவதில் ஒரு கவனம் வேண்டும். ‘ஆடியோ 0023’ என்றிருந்தால் டாக்பேக் அதனையே படிக்கும். கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘பகுதி 1: குடவோலை முறை, தகுதிகள்’ என்று ஒருங்குறித் தமிழில் இட்டால், விரல் வைத்த உடனே பாடம் எதுவென்று தெரிந்துவிடும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். பாடநூலை அப்படியே படித்துப் பொதுவெளியில் வெளியிடுவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். நம் நாட்டில் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில், ஆதாய நோக்கமின்றி நூலை ஆக்கித் தருவதற்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. பார்வையற்றோர்க்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாவே. ஆகவே வலையொலியில் என் சொந்த விளக்கம் மட்டும் செல்கிறது. பாடநூலைப் படித்த பதிவு, தேவைப்படும் மாணவருக்குத் தனியே செல்கிறது.

“கணினிக் குரலே படித்துவிடுமே, நீங்கள் ஏன் விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வேண்டும்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அம்மாணவரிடமே இதனைக் கேட்டேன். “ரெண்டும் வேணும் சார். அது புக்ல இருக்கறதைப் படிக்கும். நான் கேட்ட கேள்விக்குப் பதில் உங்க பதிவுலதான இருக்கு” என்றார். அவர் என் பதிவைச் சற்றேறக்குறைய இரட்டை வேகத்தில் கேட்கிறார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். இருபது நிமிடத்தைப் பத்தில் முடித்துவிடுகிறார். நான் அத்தனை நிறுத்தி நிதானமாகப் பேசியது மற்றவர்களுக்குப் பயன்படட்டும்.

இதுவரை ஒன்பது பகுதிகள் வெளிவந்துள்ளன. பத்தாவது, ஏரி வாரியத்தைப் பற்றியது, எழுதி முடித்துவிட்டேன். பொருளியல் துறையிலிருந்து ஒருவரும் தமிழ்த்துறையிலிருந்து இருவரும் தத்தம் பாடத்துக்குத் தொடங்க விரும்புகின்றனர். படித்துக் காட்டக் குரல் தரவும் வெட்டி ஒட்டவும் மாணவர்கள் தேவை. விருப்பமுள்ளோர் புதன்கிழமைகளில் மூன்றரை மணிக்கு மேல் நூலகத்தின் பின்னறைக்கு வரலாம். குடிநீர் கொண்டு வரவும், மின்விசிறி ஓடாது.